கேமிலிருந்து திரைக்கு: நடிகர் தேர்வைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சாகச கேம்களை விளையாடி வருகிறேன் என்பது தெரிந்தவர்கள், அவற்றைத் தழுவி ஒரு படமோ தொடரோ வரும்போதெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அக்கா மகன் கேட்பதைத்தான் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரும் கேட்கிறார். பேச்சுவாக்கில் பாதிப் பதில் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுவதைவிட, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை முழுமையாக எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேம்னா என்ன? சண்டை போடுற கேம் எல்லாமே அதுதானா?

இல்லை. கைவேகத்தை மட்டும் சோதிக்கும் சண்டை விளையாட்டுகளும் சுடும் விளையாட்டுகளும் வேறு வகை. ஆக்‌ஷன் அட்வென்ச்சரில் சண்டையோடு தேடலும் புதிரும் கதையும் கலந்திருக்கும். பாழடைந்த கோயிலொன்றுக்குள் நுழைந்து, சுவர் இடுக்கில் விரலைச் செருகித் தொற்றி ஏறி, எந்தச் சிலையை எந்தப் பக்கம் திருப்பினால் கதவு திறக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரிகளையும் சமாளிக்க வேண்டியிருக்கும். 1986-இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’, 1996-இல் வந்த ‘டூம் ரைடர்’, 2003-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்’, 2007-இல் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’, ‘அன்சார்டட்’ ஆகியவை இந்த வகையின் பெரிய பெயர்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் கேமரா கதாநாயகரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பதினைந்து மணி நேரம், சில கேம்களில் அதைவிடப் பல மடங்கு நேரம், அந்த ஒரே ஆளின் பின்னாலேயே நாம் நடக்கிறோம். அவர் எப்படி மூச்சு வாங்குவார், தவறி விழும்போது என்ன முணுமுணுப்பார் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது. இந்த கேம்களின் படங்களுக்கு நடிகரைத் தேர்வு செய்யும்போது இவ்வளவு வாக்குவாதம் எழுவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

கேமை விளையாடாமலே படத்தைப் பார்த்தால் புரியுமா?

புரியும். 2001 மற்றும் 2018-இல் வந்த டூம் ரைடர் படங்களுக்கும் 2022-இல் வந்த அன்சார்டட் படத்துக்கும் எந்த முன்னறிவும் தேவையில்லை. 2016-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் மட்டும் சற்றுக் கடினம்; ஒருவரின் மரபணுவில் பதிந்திருக்கும் மூதாதையரின் நினைவுகளை ஓர் இயந்திரத்தின் மூலம் மீண்டும் வாழ்ந்து பார்ப்பது என்ற கருத்தை முதல் அரைமணி நேரத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கேமில் வருகிற முகம் யாருடையது? அவரையே படத்திலும் நடிக்க வைத்தால் பிரச்சினை முடிந்துவிடுமே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேம் பாத்திரம் ஒன்றின் முகம் ஒருவருடையதாகவும், குரல் இன்னொருவருடையதாகவும், உடல் அசைவு மூன்றாமவருடையதாகவும் இருக்கலாம். அன்சார்டட் கேம்களின் நாயகன் நேத்தன் டிரேக்குக்குக் குரல் கொடுத்தவர் நோலன் நார்த். கதைக்காட்சிகளில் அசைவுப் பதிவு உடையை அணிந்து நடித்தவரும் அவரே. ஆனாலும் டிரேக்கின் முகம் அவருடையது அன்று. அது ஓவியர்கள் உருவாக்கிய முகம். 2013-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டூம் ரைடர் கேமில் நாயகி லாராவின் குரலும் அசைவும் கமில்லா லடிங்டனுடையவை. இன்னும் பின்னால் போனால், 1989-இல் வெளிவந்த முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், பதின்வயதுத் தம்பிக்கு வெள்ளை உடை உடுத்தி, வாகனங்கள் நிறுத்தும் திடல் ஒன்றில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோவில் பதிவு செய்தார். அந்தப் பதிவைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்ததால்தான் அந்த இளவரசன் அன்றைய கணினித் திரையில் அவ்வளவு இயல்பாக ஓடினான். அப்படியானால் அந்த இளவரசனாக நடித்தவர் யார் என்று கேட்டால், தம்பி என்றும் சொல்லலாம், அண்ணன் என்றும் சொல்லலாம்.

இரண்டாவது தடை வயது. நோலன் நார்த் 1970-இல் பிறந்தவர். அன்சார்டட் படப்பிடிப்பு நடந்தது 2020-இல். கேமின் முகத்துக்கு வயதாகாது, அதற்குள் இருப்பவருக்கு ஆகிவிடுகிறது. இருந்தாலும், அவர்களை அடியோடு ஒதுக்காமல் கௌரவமாக உள்ளே கொண்டுவர வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்கள் பற்றிய கேள்வியிலும் கடைசிக் கேள்வியிலும் சொல்கிறேன்.

அன்சார்டட் படத்தில் நடித்த டாம் ஹாலண்ட் டிரேக்குக்கு ரொம்பச் சின்னப் பையனாக இருக்கிறாரே, ஏன் அவரைப் போட்டார்கள்?

கேம்களில் நாம் அறிந்த டிரேக் முப்பதுகளில் இருப்பவர். படம் வெளியானபோது ஹாலண்டுக்கு வயது 25. ஆனால் இது கவனக்குறைவால் நேர்ந்தது அன்று. ஜேம்ஸ் பாண்டின் இளமைக்காலத்தைப் படமாக்கலாம் என்று சோனி நிறுவனத்தாரிடம் தான் ஒரு யோசனை சொன்னதாகவும், அது நடக்காவிட்டாலும் அதிலிருந்தே இளம் டிரேக் என்ற எண்ணம் பிறந்ததாகவும் ஹாலண்ட் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2017-இல் அவர் ஒப்பந்தமானபோதே, கேம்களுக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் கதை என்று திட்டம் மாறிவிட்டது.

இளம் டிரேக் என்பது கேமுக்கு அந்நியமான கற்பனையும் அன்று. 2011-இல் வந்த மூன்றாம் பாகத்தில், கொலம்பியாவின் கார்த்தகேனா நகரத்துக் கூரைகளின் மேல் சிறுவன் டிரேக்காக நாமே ஓடுகிறோம். அங்கேதான் பின்னாளில் அவனுக்கு வழிகாட்டியாகும் விக்டர் சல்லிவனை அவன் முதன்முதலில் சந்திக்கிறான். என் வருத்தம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஹாலண்டின் வயதில் இல்லை. கேமில் பெற்றோரில்லாத ஒரு சிறுவனைப் பெரியவர் ஒருவர் அரவணைக்கிறார். அந்த உறவு தந்தை மகன் உறவாகவே வளர்கிறது. படத்திலோ நியூயார்க்கில் மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் வளர்ந்த இளைஞனைச் சல்லிவன் தேடி வந்து கூட்டுச் சேர்க்கிறார். சந்திக்கும் வயது மாறியதும் உறவே மாறிவிட்டது. பாசம் இருந்த இடத்தில் பேரம் வந்துவிட்டது. நடிகர் மீது சொல்லப்படும் குறைகளில் பாதி இப்படித் திரைக்கதையின் கணக்கில் எழுத வேண்டியவை.

படத்தில் சல்லிவனாக வந்த மார்க் வால்பர்க் முதலில் டிரேக்காகவே நடிக்க இருந்தாராமே, உண்மையா?

உண்மை. 2010-இல் டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்குவதாக இருந்தபோது டிரேக் பாத்திரத்துக்குப் பேசப்பட்டவர் வால்பர்க். ரஸ்ஸல் விலகினார், பின்னர் நீல் பர்கர், சேத் கோர்டன், ஷான் லெவி, டான் டிராக்டன்பெர்க், டிராவிஸ் நைட் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து விலகினார்கள். கடைசியில் ரூபன் ஃப்ளைஷர் இயக்கினார். 2020 மார்ச்சில் பெர்லினில் படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் கொரோனா பரவலால் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் தொடங்கியது. இவ்வளவும் முடிவதற்குள் 1971-இல் பிறந்த வால்பர்க், டிரேக்கைத் தாண்டிச் சல்லிவனின் வயதுக்கு வந்துவிட்டார். ஒரு படம் பத்தாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால், நடிகரைத் தேர்வு செய்யும் வேலையைக் காலமே எடுத்துக்கொள்கிறது.

கேமின் சல்லிவனுக்கு அடர்ந்த மீசையும் வாயில் சுருட்டும் உண்டு. படம் முழுவதும் வால்பர்க் மீசை இல்லாமல் வந்து, முடிவுப் பெயர்ப் பட்டியலின் நடுவே வரும் காட்சியில்தான் மீசையோடு தோன்றுகிறார். அடுத்த பாகத்துக்கு வைத்த குறிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். மீசை இருந்திருந்தால் அவர் சல்லிவனாகியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை; கேமில் அந்த மனிதரிடம் உள்ள நிதானம் படத்துக்காக எழுதப்பட்ட வசனங்களில் இல்லை.

டிரேக் வேடத்துக்கு ரசிகர்கள் எல்லாரும் நடிகர் நேத்தன் ஃபிலியனைத்தானே கேட்டார்கள்?

கேட்டார்கள். 2018-இல் ஆலன் உங்கர் இயக்கிய ஏறத்தாழ கால் மணி நேர ரசிகர் படமொன்றில் அவர் டிரேக்காகவே நடித்தார். சல்லிவனாக வந்தவர் ஸ்டீபன் லாங். தோற்றம், நக்கல் பேச்சு, அடி வாங்கிவிட்டு எழுந்திருக்கும்போது முகத்தில் வரும் சலிப்பு என எல்லாம் கேமில் பார்த்தபடியே இருந்தன. நானும் அதைப் பலமுறை பார்த்து மகிழ்ந்தவன்தான்.

ஆனால் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். ஃபிலியன் பிறந்தது 1971-இல். வால்பர்க் பிறந்ததும் 1971-இல். ரசிகர்கள் டிரேக்காக விரும்பியவரும் படத்தில் சல்லிவனாக வந்தவரும் ஒரே வயதுக்காரர்கள். ஃபிலியனை டிரேக்காக வைத்தால் சல்லிவனுக்கு, ரசிகர் படத்தில் செய்ததுபோல, எழுபதை நெருங்கும் ஒருவரைத் தேட வேண்டும். கதையும் ஓய்வை எதிர்பார்க்கும் சாகசக்காரனின் கதையாக இருக்க வேண்டும். அது நல்ல படமாக வந்திருக்கலாம். ஆனால் அது வேறு படம். ஒரே ஒரு நடிகரை மாற்றினால் போதும் என்று நினைப்பது எளிது. உண்மையில் ஒருவரை மாற்றினால் அவரைச் சுற்றியுள்ள அனைவரும் மாற வேண்டியிருக்கும்.

அன்சார்டட்டில் வரும் க்ளோயி ஃபிரேசர் இந்திய வம்சாவளியாமே? படத்தில் அது தெரியவே இல்லையே?

க்ளோயி 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆஸ்திரேலியப் பேச்சோடு அறிமுகமானவர். குரல் கொடுத்தவர் கிளாடியா பிளாக். 2017-இல் வந்த ‘தி லாஸ்ட் லெகஸி’யில் அவரே கதாநாயகி. தந்தை இந்தியர் என்பதும், அவர் தேடி அலைந்த விநாயகர் தந்தத்தை இப்போது மகள் தேடுகிறாள் என்பதும் அதில்தான் விரிவாக வருகின்றன. கதை நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். பேலூர், ஹளேபீடு என்று ஹொய்சாளர்களின் ஊர்ப் பெயர்களும் அதில் வருகின்றன. செம்மண் சேற்றில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு அருவிக்கரைக்குப் போய், பாசி படிந்த மண்டபத்தில் விநாயகர் சிலைக்கு எதிரே நின்றபோது, நம் பக்கத்து மலையை நாமே ஒரு விளையாட்டுக்குள் சுற்றி வருகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

படத்தில் க்ளோயியாக நடித்த சோஃபியா அலி பாகிஸ்தானிய வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கர். ஆகவே தேர்வில் தெற்காசியத் தொடர்பை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றே தெரிகிறது. எழுத்தில்தான் அதற்கு இடமில்லை. பார்சிலோனாவில் மகெல்லனின் தங்கத்தைத் தேடும் கதையில் அந்தத் தந்தையைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஏஞ்சலினா ஜோலியா, அலிசியா விகாண்டரா? யார் உண்மையான லாரா?

இருவரும் உண்மையானவர்களே, ஏனென்றால் லாராக்களும் இருவர். இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனம் 1996-இல் உருவாக்கிய லாரா கிராஃப்ட் எதற்கும் அசராதவள். இரண்டு தொடைகளிலும் கைத்துப்பாக்கி, வில்லனைப் பார்த்தாலும் ஓர் இளநகை. 2001-இல் ஜோலி நடித்தது இவளை. மாளிகைக்குள் எதிரிகள் புகும் இரவில், கூரையிலிருந்து தொங்கும் மீள்கயிறுகளில் ஊஞ்சலாடிக்கொண்டே சண்டையைத் தொடங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பயம் என்பதே அந்த முகத்தில் இல்லை, இருக்கவும் கூடாது. அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்த ஜோலி, அந்த அலட்சியத்தை முழு நம்பிக்கையோடு செய்தார். படத்தில் லாராவின் தந்தையாக வரும் ஜான் வோய்ட், வாழ்க்கையிலும் ஜோலியின் தந்தை. மகள் தந்தைக்காக ஏங்கும் காட்சிகளுக்கு அது எதிர்பாராத கனத்தைக் கொடுத்தது. கம்போடியாவில் அங்கோரின் தா புரோம் கோயிலில், மரவேர்கள் கற்களைக் கவ்விக்கொண்டிருக்கும் இடத்தில் எடுத்த காட்சிகள் இன்றும் அப்படத்தின் அடையாளம்.

2013-ஆம் ஆண்டு கேமின் லாரா வேறு பெண். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவள், குளிரில் நடுங்குபவள், முதல் கொலையைச் செய்துவிட்டு நிலைகுலைபவள். விகாண்டர் 2018-இல் நடித்தது இவளை. அருவியின் விளிம்பில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய விமானத்தின் இறக்கையில் அவர் தொங்க, உள்ளே போனதும் காலடியில் கண்ணாடி விரிசல் விடும் காட்சி ஏறக்குறைய கேமிலிருந்து அப்படியே எடுத்தது. அதற்கடுத்து இரவில், சேற்றில் ஒருவனை அமுக்கிக் கொன்றுவிட்டு அவர் தன் கைகளைப் பார்த்து விம்முகிறார். ஜோலியின் லாராவை அந்தச் சேற்றில் வைத்தால் காட்சி பொய்யாகிவிடும். விகாண்டரின் லாராவை மீள்கயிற்றில் ஆடவிட்டாலும் அப்படித்தான். எந்த ஆண்டின் கேமைத் தழுவுகிறோம் என்று முடிவெடுத்த பிறகுதான் யார் பொருத்தம் என்ற கேள்வியே எழ முடியும். வசூலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நினைப்பவர்களுக்கும் உதவி கிடைக்காது. பதினேழு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்களும் உலக அளவில் ஏறக்குறைய 27 கோடி டாலர்தான் ஈட்டின.

ஹாலண்டும் விகாண்டரும் சண்டை நடிகர்களே இல்லையே, அவர்களால் எப்படி முடிந்தது?

இருவரும் நடனக்காரர்கள். ஹாலண்ட் சிறுவயதில் லண்டன் மேடையில் ‘பில்லி எலியட்’ இசைநாடகத்தில் ஆடியவர். விகாண்டர் சுவீடனின் அரச பாலே பள்ளியில் பயின்றவர். கேம் நாயகர்களை நாம் முகத்தால் அறிவதைவிட அசைவால்தான் அதிகம் அறிந்திருக்கிறோம் என்று முதல் பதிலில் சொன்னேன். டிரேக் விளிம்பைப் பிடிக்கும்போது ஒரு கை நழுவி மறுகை தாங்கும் அந்தத் தடுமாற்றமே அவர் குணம். தடுமாறுவதுபோலத் துல்லியமாக அசைவது சண்டைப் பயிற்சியைவிட நடனப் பயிற்சிக்கு நெருக்கமானது. பறக்கும் சரக்கு விமானத்தின் பின்கதவிலிருந்து சரிந்து, வலையால் கட்டப்பட்ட பெட்டிகளின் மேல் ஹாலண்ட் தாவி ஏறும் காட்சி மூன்றாம் பாகத்தின் புகழ்பெற்ற கட்டத்திலிருந்து வந்தது. அதில் அவர் கால்களை மட்டும் கவனித்தால் நான் சொல்வது விளங்கும்.

ஆபத்தான காட்சிகளில் உண்மையில் நடிப்பது யார்?

மிக ஆபத்தானவற்றைச் சண்டைக் கலைஞர்கள் செய்கிறார்கள். அசாசின்ஸ் கிரீட் படத்தில் கோபுர உச்சியிலிருந்து கைகளை விரித்துக் குதிக்கும் காட்சிக்காக, டேமியன் வால்டர்ஸ் என்ற சண்டைக் கலைஞர் கயிறு இல்லாமல் 125 அடி உயரத்திலிருந்து காற்றுமெத்தையின் மேல் குதித்தார். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா படத்துக்கு, சுவர்களையும் கூரைகளையும் தாவிக் கடக்கும் பார்க்கூர் கலையை உருவாக்கியவர்களில் முதன்மையான டேவிட் பெல் ஆலோசனை கூறினார். கதாநாயகரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக இருக்கும் இந்தப் படங்களில், இவர்களும் அந்தப் பாத்திரத்தின் பகுதிதான் என்பதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

பாரசீக இளவரசன் படத்தில் பாரசீகர் யாரும் இல்லையே, அது சரியா?

சரியன்று. 2010-இல் வந்த அந்தப் படத்தில் இளவரசன் தஸ்தானாக அமெரிக்கரான ஜேக் ஜில்லன்ஹாலும், இளவரசி தமீனாவாக ஆங்கிலேயரான ஜெம்மா ஆர்ட்டர்டனும் நடித்தார்கள். கதை ஈரானில் நடக்கிறது, படப்பிடிப்பு மொராக்கோவில் நடந்தது, முன்னணி நடிகர்களில் ஈரானியர் இல்லை. இந்தக் குறையை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். வில்லன் நிசாமாக வந்த பென் கிங்ஸ்லி, கிருஷ்ண பான்ஜி என்ற பெயரில் பிறந்தவர், தந்தை வழியில் குஜராத்தி வேர் உள்ளவர். ஆசியத் தொடர்புள்ள பெரிய நடிகருக்குக் கிடைத்தது வில்லன் வேடம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘கேமில்கூட இளவரசன் ஆங்கிலம்தானே பேசினான்’ என்று சிலர் பதில் சொல்வார்கள். கேமில் அவன் வரையப்பட்ட உருவம், பெயர்கூட இல்லாதவன். உயிருள்ள மனிதர் ஒருவரை நிறுத்தும்போது, அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்வி வந்தே தீரும். ஜில்லன்ஹால் கடுமையாக உழைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை; குறை அவருடைய உழைப்பில் இல்லை.

அசாசின்ஸ் கிரீட் படத்தில் ஏன் கேம் நாயகன் ஈஸியோ போன்ற பழைய ஆள் யாரும் இல்லை?

ரசிகர்கள் ஏற்கெனவே அறிந்த பாத்திரத்தோடு ஒப்பிடப்படாத புதிய ஒருவரை உருவாக்குவது ஒரு பாதுகாப்பான வழி. மைக்கேல் ஃபாஸ்பெண்டர், இக்காலத்துக் கைதி கேலம் லின்ச் ஆகவும் 1492-ஆம் ஆண்டு ஸ்பெயினில் வாழ்ந்த மூதாதை அகிலார் ஆகவும் இரண்டு வேடங்களில் நடித்தார். அகிலார் வரும் காட்சிகளில் ஸ்பானிய மொழியே பேசப்படுகிறது. முந்தைய பதிலில் சொன்ன குறைக்கு இது ஒரு பாதித் தீர்வு. மொழி அந்த மண்ணுக்கு உரியது, நடிகர் அல்லர். படத்தின் பெரும்பகுதி நிகழ்காலத்து ஆய்வுக்கூடத்துக்குள் நடந்ததால், முக்காட்டு உடையில் ஃபாஸ்பெண்டரைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். நடிகர் சரியாக அமைந்தும் அவரைச் சரியான இடத்தில் நிறுத்தாத படம் என்பேன்.

தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிகர் தேர்வைப் பற்றிப் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம், ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு. அமெரிக்கரான ஜோலியும் சுவீடன்காரரான விகாண்டரும் லாராவுக்காக ஆங்கிலேயப் பேச்சைப் பயின்று பேசினார்கள். அந்த உழைப்பு டப்பிங்கில் நமக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது நம் குரல் கலைஞரின் நடிப்பு. உடல், கண், அசைவு ஆகியவை அப்படியே இருக்கின்றன. மூன்றாவது பதிலில் சொன்னபடி கேம் பாத்திரமே ஒருவரின் குரலும் மற்றொருவரின் உருவமும் சேர்ந்ததுதான் என்பதால், டப்பிங்கை மட்டும் போலி என்று தள்ளுவதற்கு நியாயமில்லை.

தொடராக வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ மட்டும் ஏன் எல்லாருக்கும் பிடித்தது?

முதல் காரணம் நேரம். 2013-இல் வந்த கேமின் கதையைச் சொல்ல 2023-இல் வந்த முதல் பருவத்துக்கு ஒன்பது பகுதிகள் கிடைத்தன. ஜோயலாக பெட்ரோ பாஸ்கலும் எல்லியாக பெல்லா ராம்சியும் கேமின் முகங்களை அவ்வளவாக ஒத்திருக்கவில்லை. அறிவிப்பு வந்தபோது ராம்சியின் தோற்றத்தைப் பற்றி இரக்கமில்லாமல் எழுதியவர்கள் பலர். ஆனால் ஒருவரையொருவர் நம்பத் தயங்கும் இருவர் மெல்ல நெருங்குவதற்குப் போதிய பகுதிகள் இருந்ததால், முகம் மறந்து மனிதர்கள் நின்றார்கள். அன்சார்டட் படத்தின் டிரேக்குக்கும் சல்லிவனுக்கும் கிடைக்காதது இதுதான்.

இரண்டாவது காரணம், முன்பு நான் தள்ளிவைத்த கௌரவம். கேமில் எல்லியாகக் குரலும் உடலும் கொடுத்த ஆஷ்லி ஜான்சன், முதல் பருவத்தின் இறுதிப் பகுதியில் எல்லியின் தாய் ஆன்னாவாக வருகிறார். காட்டு வீட்டில் தனியாகப் போராடி, அந்தக் குழந்தையை அவரே பெற்றெடுக்கிறார். எல்லிக்கு முதலில் உயிர் கொடுத்தவர் யார் என்பதை வசனமே இல்லாமல் சொன்ன காட்சி அது. கேமின் ஜோயலான டிராய் பேக்கருக்கும் ஒரு சிறு வேடம் கிடைத்தது. கேமில் மர்லீன் என்ற பாத்திரமாக நடித்த மெர்ல் டேண்ட்ரிட்ஜ், தொடரிலும் மர்லீனாகவே வந்தார்.

அடுத்த லாரா யார்? விகாண்டர் திரும்ப வரமாட்டாரா?

விகாண்டரின் இரண்டாம் படம் திட்டத்திலேயே நின்றுவிட்டது. 2022-இல் எம்ஜிஎம் நிறுவனத்திடமிருந்த படமாக்கும் உரிமை காலாவதியானது. இப்போது அமேசானுக்காக ஃபீபி வாலர் பிரிட்ஜ் எழுதும் தொடரில் லாராவாக சோஃபி டர்னர் தேர்வாகியிருக்கிறார். இவர் இங்கிலாந்துக்காரர், முந்தைய இருவரைப் போல லாராவின் பேச்சைப் பயில வேண்டியதில்லை.

செல்டா படத்தில் லிங்க் பேசுவானா? பேசாத ஆளுக்கு எப்படி நடிகரைத் தேடுவார்கள்?

வெஸ் பால் இயக்க, 2027-இல் வெளியாக இருக்கும் அந்தப் படத்தில் கேமின் நாயகன் லிங்காக பெஞ்சமின் இவான் ஐன்ஸ்வொர்த்தும் இளவரசி செல்டாவாக போ பிராகசனும் நடிக்கிறார்கள் என்று 2025 ஜூலையில் செல்டா கேமை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே அறிவித்தார். இருவரும் இளையவர்கள், உலகப் புகழ் இல்லாதவர்கள். கேம்களில் லிங்க் வாய் திறந்து வசனம் பேசுவதில்லை. விளையாடுபவரே லிங்க் என்பதால் அந்த இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது. அந்தக் காலியிடத்தில் நன்கு அறிமுகமான நட்சத்திரம் ஒருவரை வைத்தால் அவருடைய பழைய படங்களெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதிகம் அறியப்படாதவர்களைத் தேர்ந்தெடுத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

ரசிகர்கள் எதிர்த்தால் நடிகரை மாற்றிவிடலாமே? சோனிக்கை மாற்றினார்களே?

2019-இல் சோனிக் படத்தின் முன்னோட்டம் வந்தபோது அந்த நீல முள்ளெலியின் பற்களையும் கண்களையும் கண்டு எதிர்ப்பு எழுந்தது. படத்தை மூன்று மாதம் தள்ளிவைத்து உருவத்தைத் திருத்தினார்கள், நன்றாகவும் அமைந்தது. ஆனால் திருத்தப்பட்டது ஒரு கணினி ஓவியம். மனிதரின் முகத்தை அப்படித் திருத்த முடியாது; திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தின் கேமில் ஆபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கு, அந்தப் பாத்திரம் கதையில் செய்ததற்காக 2020-இல் கொலை மிரட்டல்கள் வந்தன. அதை அவரே வெளியிட்டு வருந்தினார். பாத்திரத்தின் மேல் உள்ள அன்பு என்று சொல்லிக்கொண்டு எழுதப்பட்ட அந்த மிரட்டல்களைப் படித்த பிறகு, தேர்வு பிடிக்கவில்லை என்று நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துப் பார்த்தே வெளியிடுகிறேன்.

அன்சார்டட் படத்தில் கடற்கரையில் படுத்துக்கொண்டு டிரேக்கிடம் பேசுகிறாரே ஒருவர், அவரை ஏன் காட்டினார்கள்?

விமானத்திலிருந்து கடலில் விழுந்த டிரேக்கும் க்ளோயியும் உடை நனையச் சொட்டச் சொட்ட ஒரு விடுதியின் கடற்கரையில் கரையேறுகிறார்கள். சாய்வு நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நடுவயதுக்காரர் ஒருவர் என்ன நடந்தது என்று விசாரிக்கிறார். விமானத்திலிருந்து விழுந்ததாக அவர்கள் சொன்னதும், தனக்கும் ஒருமுறை அப்படி நேர்ந்ததாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். அவர்தான் நோலன் நார்த். மூன்றாம் பாகத்தில் அந்தச் சரக்கு விமானத்திலிருந்து விழுந்த டிரேக்கின் குரல் அவருடையது. திரையரங்கில் என் பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. குரல் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து, ‘யார் மாமா அது?’ என்று கேட்டான்.